பல் சுத்தம் செய்தால் பல் ஆடுமா?

"க்ளீனிங் எல்லாம் பண்ணாதீங்க, இருக்கிற பல்லும் ஆடிப்போயிடும்!" இந்த அறிவுரையைக் கேட்காமல் தமிழ்நாட்டில் யாராவது நாற்பது வயதைத் தாண்டியிருப்பார்களா என்பது சந்தேகம்தான். டீக்கடையில் சொல்வார்கள், கல்யாணப் பந்தியில் சொல்வார்கள், பல் டாக்டரின் வரவேற்பறையிலேயே உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்வார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், சொல்பவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள்.

நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஐம்பது வயதில் ஒருவர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பல் டாக்டரிடம் போகிறார். டாக்டர் மெஷினை வைத்துச் சுரண்டுகிறார். வாய் கொப்பளித்தால் ரத்தமும் கருப்புக் கருப்பாகத் துணுக்குகளும் வருகின்றன. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் கீழ் முன்பற்கள் இரண்டும் லேசாக ஆடுகின்றன, தண்ணீர் பட்டால் கூசுகிறது, பல்லுக்குப் பல் சந்து தெரிகிறது. போகும்போது 'நன்றாக' இருந்த பல் வரும்போது ஆடினால் அவர் வேறு யாரைத்தான் குறை சொல்வார்? அடுத்த வாரத்துக்குள் அந்தத் தெருவில் இருபது பேர் க்ளீனிங் செய்வதில்லை என்று முடிவெடுத்துவிடுவார்கள்.

அந்தப் பற்கள் நன்றாக இருந்தனவா என்பதுதான் கேள்வி.

பல்லின் மேல் எந்நேரமும் ஒரு மெல்லிய படலம் உருவாகிக்கொண்டே இருக்கிறது. பிளேக் என்பது இதைத்தான். காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் பிசுபிசுவென்று தட்டுப்படுமே, அதேதான். பார்த்தால் வெறும் அழுக்கு போலத் தெரியும். ஆனால் அது கிருமிகள் தாங்களே சுரந்த பசைக்குள் கூட்டமாகக் குடியிருக்கும் ஒரு குடியிருப்பு. வாய் கொப்பளித்தால் போகாது, தேய்த்தால் போகும். பிரஷ்ஷோ வேப்பங்குச்சியோ, ஒழுங்காக எல்லா இடத்திலும் தேய்த்தால் போதும். எட்டாத இடத்தில் சில நாள் அப்படியே விட்டுவிட்டால், எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் அதன்மேல் படிந்து அது கல்லாக இறுகத் தொடங்குகிறது. காரை என்கிறோமே, அதுதான் இது. போர்த் தண்ணீர் ஊர்களில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்து, எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் நிற்கும் பாருங்கள், கிட்டத்தட்ட அதே கதை. கல்லான பிறகு பிரஷ்ஷால் ஒன்றும் செய்ய முடியாது. உப்பு, எலுமிச்சை, கரி, பேக்கிங் சோடா என்று யூடியூபில் வரும் வைத்தியங்கள் எதற்கும் அது அசைவதில்லை. பல்லின் எனாமல்தான் தேயும்.

காரை எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் படிவதும் இல்லை. கீழ் முன்பற்களின் உள்பக்கம், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னத்துப் பக்கம், இந்த இரண்டு இடங்களில்தான் அதிகம். காரணம் எளிது. எச்சில் சுரப்பிகளின் குழாய்கள் அங்கேதான் வாய்க்குள் திறக்கின்றன. கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தால் இரண்டு இடமும் கண்ணில் படாது. தன் பல் சுத்தமாக இருக்கிறது என்று பலரும் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காரையின் மேற்பரப்பு சொரசொரப்பானது. அதன்மேல் புதுப் படலம் சுலபமாக ஒட்டும். ஒட்டியது ஈறை உறுத்தும், ஈறு சிவந்து வீங்கும், பல் துலக்கும்போது ரத்தம் வரும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்துவிட்டால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விட்டுவிட்டால், எல்லோருக்கும் இல்லாவிட்டாலும் பலருக்கு, வீக்கம் உள்ளே இறங்குகிறது. பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கரைந்த எலும்பு தானாக வளராது. இதில் மிக மோசமான விஷயம், பெரும்பாலும் வலியே இருக்காது என்பது. சொத்தைப் பல் கூச்சல் போட்டு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகும். ஈறு நோய் சத்தமே போடாமல் இருபது வருஷம் வேலை பார்க்கும்.

இப்போது அந்த ஐம்பது வயதுக்காரரின் பல்லுக்கு வருவோம். எலும்பு பாதி போய்விட்டது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் காரை பாலம் போல இறுகி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுவரை அரித்த கரையானின் புற்றே சுவருக்கு முட்டுக்கொடுத்து நிற்பது மாதிரி. புற்றை இடித்தால் சுவர் ஆடத்தான் செய்யும். அதற்காகப் புற்றை விட்டுவைத்தால் இருக்கிற சுவரும் போகும். வீங்கியிருந்த ஈறு வீக்கம் வடிந்து சுருங்குவதால் சந்து தெரிகிறது. இத்தனை நாள் காரையால் மூடியிருந்த வேர்ப்பகுதி வெளியே வந்ததால் கூசுகிறது. இந்தக் கூச்சம் பெரும்பாலும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ குறைந்துவிடும். ஈறு இறுகுவதால் ஓரளவு ஆட்டமும் குறையலாம். போன எலும்பு போனதுதான்.

மெஷின் எனாமலைத் தேய்த்துவிடும் என்பது இன்னொரு பயம். அல்ட்ராசானிக் ஸ்கேலர் என்ற அந்தக் கருவியின் முனை விநாடிக்குச் சுமார் 25,000 முறையும் அதற்கு மேலும் அதிர்கிறது. அதிர்வில் காரை உடைந்து உதிர்கிறது. கூடவே பீய்ச்சும் தண்ணீர், முனை சூடாகாமல் பார்த்துக்கொள்வதோடு உதிர்ந்ததைக் கழுவியும் விடுகிறது. மனித உடம்பிலேயே கடினமான பொருள் எனாமல்தான். முனையைப் பல்லோடு ஒட்டிச் சாய்வாக, அழுத்தாமல் நகர்த்தினால் அதற்கு ஆபத்தில்லை. நுனியைக் குத்துவது போல வைத்து அழுத்தினால் கீறல் விழலாம். ஆகவே யார் கையில் மெஷின் இருக்கிறது என்பது முக்கியம்தான். ஆனால் அது கார் ஓட்டுவது முதல் முடி வெட்டுவது வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பிளேக்தான் ஈறு வீக்கத்துக்குக் காரணம் என்பதைக் காட்டிய சோதனை மாணவர்களை வைத்தே நடந்தது. டென்மார்க்கில் ஓர்ஹுஸ் நகரப் பல் மருத்துவக் கல்லூரியில் ஹரால்டு லோ என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். அந்த 12 பேரில் பெரும்பாலானவர்கள் முதலாண்டு மாணவர்கள். (இந்தியக் கல்லூரி விடுதிகளில் இந்தச் சோதனையைச் செய்ய யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியம் இருந்திருக்காது!) 10 முதல் 21 நாட்களுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. 1965-ல் வெளியான இந்தக் கட்டுரைதான் இன்றும் இந்தத் துறையின் அடிக்கல்.

அதே லோ அடுத்ததாகக் கேட்ட கேள்வி பெரியது. மூன்று வாரம் சரி, முப்பது வருஷம் சுத்தமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? விடை தேடி அவர் வந்து சேர்ந்த இடம் இலங்கையின் மலையகம். 1970-ல் அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களான 480 ஆண்களை அவருடைய குழு பரிசோதித்தது. தென்னிந்தியாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய்க் குடியேற்றிய நம் தமிழர்களின் வம்சாவளி அது. பல் துலக்கும் பழக்கமோ, பல் மருத்துவமோ எட்டாத வாய்கள். ஆனால் சொத்தைப் பல் என்பது அவர்களிடம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால் விழுந்த பல் எல்லாம் ஈறு நோயால் விழுந்தது என்று சொல்ல முடிந்தது. 15 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து பார்த்து, 1986-ல் முடிவை வெளியிட்டார்கள்.

அந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் முன்னேறவே இல்லை. 81 சதவீதம் பேருக்கு மிதமான வேகத்தில் முன்னேறியது. 45 வயதுக்குள் சராசரியாக 7 பற்களை இழந்தார்கள். மீதி 8 சதவீதம் பேருக்கு நோய் பாய்ந்து ஓடியது. 35 வயதில் 12 பல், 40 வயதில் 20 பல், 45 வயதில் வாயில் ஒன்றும் இல்லை.

"எங்க தாத்தா கரியில பல்லு விளக்கினார், கடைசிவரைக்கும் கரும்பு கடிச்சார்" என்று வாதாடுபவர்கள் அந்த 11 சதவீதத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அப்படிப்பட்ட தாத்தாக்கள் நிஜமாகவே இருந்தார்கள். நாற்பத்தைந்து வயதில் பொக்கை வாயோடு இருந்த தாத்தாவை "வயசாச்சு" என்று சொல்லிக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒப்பிட்டுப் பார்க்க லோ இன்னொரு கூட்டத்தையும் வைத்திருந்தார். நார்வேயின் ஆஸ்லோ நகரத்தைச் சேர்ந்த 565 மாணவர்களும் கல்வியாளர்களும். சிறு வயதிலிருந்தே ஒழுங்கான பல் பராமரிப்பு கிடைத்தவர்கள். பல்லைப் பிடித்திருக்கும் பிடிப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று அளந்ததில், நாற்பது வயதை நெருங்கும்போது அவர்களுக்குச் சராசரி இழப்பு 1.5 மில்லிமீட்டர். தோட்டத் தொழிலாளிக்கு அதே வயதில் 4.5 மில்லிமீட்டர். மூன்று மடங்கு. உலகம் முழுக்கப் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடத்தில் மலையகத் தமிழனின் வாய் 'இயற்கையாக விட்டால் என்ன நடக்கும்' என்பதற்கு உதாரணமாக நிற்கிறது. அந்தப் பாடத்தால் மலையக லயன்களுக்கு எவ்வளவு பயன் திரும்பி வந்தது என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

எதிர்ப்பக்கத்து உதாரணம் ஸ்வீடனில் இருக்கிறது. கார்ல்ஸ்டாட் என்ற ஊரில் 1972 வாக்கில் ஆக்சல்சன், லிண்டே என்ற இருவர் 375 பேருக்குத் தொடர்ந்து பல் சுத்தமும், ஒழுங்காகத் துலக்கும் பயிற்சியும் கொடுக்கத் தொடங்கினார்கள். 30 ஆண்டுகள் கழித்து, அதுவரை கூடவே இருந்தவர்கள் இழந்தது, வயதுப் பிரிவைப் பொறுத்து, சராசரியாக 0.4 முதல் 1.8 பல் வரை மட்டுமே. ஒரு தலைமுறைக் காலம் முழுவதற்கும் இரண்டு பல்கூட இல்லை! 'சுத்தம் செய்தால் பல் ஆடும்' என்பது உண்மையானால் அந்த ஊரில் எல்லோரும் இந்நேரம் கஞ்சிதான் குடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, அப்படியானால் எல்லோரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓடிப்போய்ச் சுத்தம் செய்துகொள்ள வேண்டுமா? இங்கேதான் விளம்பரங்கள் சொல்வதற்கும் ஆய்வுகள் சொல்வதற்கும் இடைவெளி இருக்கிறது. 2018-ல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, பிரிட்டனில் நடந்த இரண்டு சோதனைகளில் 1,700-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய தகவலை ஆராய்ந்தது. கடுமையான ஈறு நோய் இல்லாத, ஏற்கெனவே ஒழுங்காகப் பல் டாக்டரிடம் போய்வருகிறவர்கள் அவர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வருஷத்துக்கு ஒருமுறை, நேரம் குறிக்காமல் விட்டது என்று பிரித்துப் பார்த்ததில், இரண்டு மூன்று வருஷத்தில் ஈறு நிலையில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. காரை கொஞ்சம் குறைந்தது, அவ்வளவே.

இதைப் படித்துவிட்டு "பார்த்தாயா, க்ளீனிங்கே வேஸ்ட்" என்று துள்ளுபவர்கள், அந்தச் சோதனையில் இருந்தவர்கள் யார் என்ற வரியை மறுபடி படிக்க வேண்டும். மாதாமாதம் சர்வீஸ் விடும் வண்டிக்கு இன்னொரு சர்வீஸால் பெரிய லாபம் இல்லை. வாங்கிய நாளிலிருந்து ஆயில் மாற்றாத வண்டியின் கதை வேறு. நம் ஊரில் பிரச்சனை ஆறு மாதமா ஒரு வருஷமா என்பதே இல்லை. வாழ்நாளில் ஒருமுறைகூட இல்லை என்பதுதான். முதல் முறை போய் இருக்கிற காரையை எடுத்துவிட்டு, அடுத்து எப்போது வர வேண்டும் என்பதை ஈறின் நிலையைப் பார்த்து முடிவு செய்வதுதான் நியாயம். புகை பிடிப்பவருக்கும் சர்க்கரை உள்ளவருக்கும் மூன்று நான்கு மாதம் ஆகலாம், ஒழுங்காகத் துலக்கும் இருபது வயதுப் பையனுக்கு ஒன்றரை வருஷம்கூட ஆகலாம். எல்லோருக்கும் ஒரே காலண்டர் என்பது கிளினிக்கின் வசதிக்காக.

காசு விஷயத்துக்கு வருவோம். அக்கவுண்டன்சி முதல் பருவத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. ஒரு இயந்திரத்தைப் பராமரிக்க ஆகும் செலவு வருவாய்ச் செலவு, புது இயந்திரம் வாங்குவது மூலதனச் செலவு. முதலாவதை மிச்சம் பிடித்தால் அந்த வருஷ லாபம் அழகாகத் தெரியும்; இரண்டாவது தலையில் இடியாக இறங்கும்போதுதான் உண்மை தெரியும். தனியார் கிளினிக்கில் பல் சுத்தம் செய்ய ஊரைப் பொறுத்துச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகிறது. விழுந்த ஒரு பல்லுக்குப் பதில் இம்பிளாண்ட் வைக்கப் பல்லாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். ஏழு பல் என்றால் பெருக்கிக்கொள்ளலாம். இதில் கணக்குப் புத்தகத்தில் ஏறாத இன்னொரு செலவும் உண்டு. கறியும் முறுக்கும் கடலையும் கடிக்க முடியாமல் தட்டை ஓரமாக நகர்த்தி வைக்கும் மனுஷனின் செலவு அது.

இன்சூரன்ஸ் இதை ஏன் கொடுப்பதில்லை என்று பலர் கோபப்படுகிறார்கள். பெரும்பாலான இந்திய மருத்துவக் காப்பீடுகளில் விபத்தில் அடிபட்டால் தவிரப் பல் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. இதில் கம்பெனிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. காப்பீடு என்பது நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஆபத்துக்கு. காரை படிவது நிச்சயமாக நடக்கிற, முன்கூட்டியே தெரிந்த செலவு. அதைக் காப்பீட்டில் சேர்த்தால் பிரீமியமாக அதே பணத்தை மேல்செலவோடு திருப்பி வாங்கத்தான் செய்வார்கள். தீபாவளித் துணிக்கு ஒதுக்குவது போல வீட்டு பட்ஜெட்டில் ஒதுக்க வேண்டிய தொகை இது. ஒதுக்க முடியாதவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரிதான் வழி. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும், மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் வெளியே கேட்பதைவிடக் குறைந்த கட்டணத்தில் செய்கிறார்கள். நேரம் அதிகமாகும். கற்றுக்கொள்பவரின் பொறுமையை நோயாளியும் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தப்பு முழுவதும் ஜனங்கள் பக்கம் என்று சொல்லிவிட முடியாது. பல கிளினிக்குகளின் போர்டைப் பாருங்கள். 'ஸ்மைல் மேக்கோவர்', 'டீத் ஒயிட்னிங்', அதற்கு அடுத்த வரியில் 'க்ளீனிங் அண்ட் பாலிஷிங்'. பியூட்டி பார்லர் ரேட் கார்டு மாதிரி! நோய்க்கான சிகிச்சையை அழகுச் சாமான்களோடு ஒரே அலமாரியில் அடுக்கினால், "கல்யாணத்துக்கு முன்னாடி ஒருவாட்டி பண்ணிக்கலாம்" என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள். சுத்தம் செய்தால் பல் வெள்ளையாகாது. காரையும் கறையும் போய்ப் பல்லின் சொந்த நிறம் தெரியும். அது பலருக்கு இளமஞ்சள்தான். வெள்ளையை எதிர்பார்த்து வந்தவர் ஏமாந்துபோய்த் திட்டுகிறார்.

அதைவிடப் பெரிய குறை, பேசாமல் வேலை செய்வது. மெஷினை எடுக்கும் முன் ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்து, "இது காரை, இங்கே எலும்பு இறங்கியிருக்கிறது, எடுத்தபிறகு இந்த ரெண்டு பல் ஆடுவது தெரியும், பத்து நாள் கூசும்" என்று டாக்டர் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? இரண்டு? முன்னால் சொன்னால் அது விளக்கம். பின்னால் சொன்னால் சாக்கு. தெருவில் உலவும் அந்த நம்பிக்கையின் பாதி, இந்த இரண்டு நிமிஷத்தை மிச்சம் பிடித்ததால் பிறந்ததுதான்.

கடைசியாகச் சர்க்கரை. சர்க்கரை நோய் இருந்தால் ஈறு நோய் கடுமையாகிறது, ஈறு நோய் இருந்தால் சர்க்கரை கட்டுப்பட மறுக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுத்துக்கொள்ளும். 2022-ல் வந்த இன்னொரு காக்ரேன் மதிப்பாய்வு 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்த சர்க்கரை நோயாளிகளுக்கு, மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி அளவு சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஒரு மாத்திரையும் கூட்டாமல், வாயைச் சுத்தம் செய்து கிடைத்த குறைவு அது. சர்க்கரை டாக்டர்கள் காலைப் பார்க்கிறார்கள், கண்ணைப் பரிசோதிக்க அனுப்புகிறார்கள். "வாயைத் திறங்க, ஈறில் ரத்தம் வருதா?" என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அப்படி வாசல் வரை போகும் ஊழியரிடம் இந்த ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்பலாம். வருகிறது என்று சொல்பவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம். அதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், புது மெஷினும் வேண்டாம். ஊழியர் கையில் இருக்கும் படிவத்தில் ஒரே ஒரு வரி கூடும்.